வேலிக்கு இப்பால் பதின்மூன்று பேர்

சும்மா இருப்பது எனக்கு வராது. பிறவிக் குணம். இவளைக் கதிரையோடு கட்டித்தான் வைக்கவேண்டும் என்று முதலாம் வகுப்பு ஆசிரியை சொன்னதை அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "இவளுக்குக் காலில சக்கரம்" என்று முடிப்பார். அந்தச் சக்கரத்தோடு மூன்று வேலை மாறினேன், நாலு வீடு மாறினேன், ஒரு கல்யாணப் பேச்சிலிருந்து பாதியில் எழும்பி ஓடினேன். மாறாமல் நின்றது ஒரே ஒரு இடத்தில்தான். ஜெர்மனியில், எசன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரக்பிக் கழகம்.

ரக்பி என்றதும் பதினைந்து பேர் ஆடுவதை நினைக்கவேண்டாம். உலகத்துக்குத் தெரிந்தது அது. எங்களுடையது பதின்மூன்று பேர் ஆடுவது. ரக்பி லீக் என்பார்கள். பதினைந்தில் ஒருவனைப் பிடித்து விழுத்தினால் அவன்மேல் பத்துப் பேர் போய் விழுவார்கள். பந்து எங்கே என்று தேடவே பாதி நேரம் போய்விடும். பதின்மூன்றில் அந்தச் சோலி இல்லை. பிடித்தார்களா, விழுந்தாயா, எழும்பு, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டு, அடுத்தவன் ஓடட்டும். ஆறு தரம் பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்கு. ஓய்வும் கிடையாது, ஒளிக்க இடமும் கிடையாது. எனக்கென்றே ஆரோ யோசித்துச் செய்த ஆட்டம் மாதிரி இருந்தது.

பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்துகொண்டிருந்த காலத்தில், பயிற்சிக்காக அங்கே கணுக்கால்களுக்குப் பட்டி சுற்றப் போனேன். பெண்கள் அணி ஒன்று இருந்தவரை அதில் ஆடினேன். பிறகு ஒரு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், தலைவர் பதவிக்கு ஒருத்தரும் கை தூக்காமல் எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்த நேரம், கழிவறைக்குப் போய்த் திரும்பினேன். கை தட்டினார்கள். தலைவி ஆகியிருந்தேன். ஜெர்மனியில் கழகங்களுக்குத் தலைவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறார்கள்.

கழகத்தைத் தொடங்கியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். ஊரில் வேலை இல்லாமல் வட இங்கிலாந்துக்குப் போய், அங்கே கட்டட வேலை பார்த்து, அங்கேதான் பதின்மூன்று பேர் ஆட்டத்தைப் பழகிக்கொண்டார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஜெர்மனியில் கட்டட வேலை மலிந்தது. கூட்டம் கூட்டமாக வந்து, வேலைத்தளத்துப் பக்கத்தில் தகரக் கொள்கலன்களில் எட்டுப் பேர் பத்துப் பேராகப் படுத்திருக்கிறார்கள். என் அப்பாவும் அம்மாவும் அகதி முகாமில் ஒரே அறையில் அடைந்து கிடந்ததும் அதே நகரத்தில்தான், சில வருடங்களுக்கு முன்னர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அயர்லாந்துப் பெடியள் பூசை முடிந்து, மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்த வெறும் நிலத்தில் பந்து விளையாடினார்கள். அதுவே மைதானம் ஆனது. அதுவே கழகமும் ஆனது.

தொடங்கினவர்களில் இரண்டு பேர்தான் இந்த ஊரிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் கிரேன் ஓட்டினவர். பனைமரம் மாதிரி உயரம், வாயிலிருந்து ஒரு சொல் விழ ஒரு நாள் ஆகும். மற்றவர் சுவருக்குப் பூச்சுப் பூசுகிற மேசன். கட்டை ஆள், வாய் மூடாது. நான் அவர்களைக் கிரேன்காரர், மேசன் என்றே சொல்கிறேன். அவர்கள் கதைத்தது இங்கிலிசு பாதி, ஜெர்மன் பாதி. எனக்கு அதை எங்கள் வீட்டுத் தமிழில்தான் சொல்ல வரும்.

கழகம் தொடங்கிச் சில வருடத்தில் இரண்டு பேரும் பிரிந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த அணிகள் எல்லாமே பதினைந்து பேர் ஆடின. எங்களோடு ஆடப் பக்கத்தில் ஆள் இல்லை. "நாங்களும் பதினைஞ்சுக்கு மாறுவம்" என்றார் மேசன். "மாறேலாது" என்றார் கிரேன்காரர். அவ்வளவுதான். மேசன் பாதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே போனார்? பக்கத்து மைதானத்துக்கு! நடுவில் ஒரு செடிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர், இந்தப் பக்கம் பதின்மூன்று பேர். அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் பேசவில்லை. பந்து வேலியைத் தாண்டிப் போனால் எடுத்து எறிவார்கள், முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நகரசபை ஒரு முடிவு எடுத்தது. ஒரு மைதானத்தில் வீடுகள் கட்டப் போகிறார்கள். மிஞ்சும் ஒன்றை ஒரே ஒரு கழகத்துக்குத் தருவார்கள். இரண்டு சிறிய கழகங்கள் அடிபட்டுக்கொண்டு வந்தால் இருவருக்கும் இல்லை, உதைபந்தாட்டக்காரருக்குப் போய்விடும். ஆக, நாங்கள் ஒன்றாகவேண்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மண்ணில் பதின்மூன்று பேர் ஆட்டம் தொடரவேண்டும். வேறு எங்கே போவது? எங்களை விட்டால் அடுத்த லீக் அணி பல மணிநேரத் தூரத்தில். எங்கள் அணியில் இறைச்சிக்கடைக்காரன் ஒருத்தன், போலந்துக்காரர் இருவர், சிரியாவிலிருந்து வந்த அண்ணன் தம்பி, எங்கள் தமிழ்ப் பெடியள் மூன்று பேர். இரவு வேலையும் மாறுவேலையும் பார்க்கிற ஆட்கள் மைதானத்துக்கு நடந்து வரலாம். தேசம் சுற்றி வர ஏலாது. ஆகவே என் திட்டம், ஒரே கழகம், இரண்டு பிரிவு. செவ்வாய் அவர்கள், வியாழன் நாங்கள். அந்தப் பக்கத்து இளம் ஆட்கள் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் மேசன் ஓம் என்று சொல்லாமல் ஒருத்தரும் கை தூக்கமாட்டார்கள். மேசனோ, "அந்தாள் வந்து கேக்கட்டும்" என்றார். கிரேன்காரரிடம் போனால், "அவன் வந்து கேக்கட்டும்" என்றார். அங்கேயும் இங்கேயும் ஓடி ஓடி எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

வீட்டில் இருந்து புலம்பினேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சங்க விவகாரங்களில் அப்பா பழம் தின்று கொட்டை போட்டவர். இந்த நகரத்தில் அவர் தொடங்கிய தமிழ்ச் சங்கங்கள் இரண்டு, கோபித்துக்கொண்டு வெளியேறியவை மூன்று.

"பிள்ளை, மனுசன் எண்டா ஒரு பொன்னாடைக்கு இளகுவான்" என்றார். "கழகத்துக்கு ஒரு விழா வை. ரெண்டு பேரையும் மேடையில ஏத்து. பொன்னாடை போத்து. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது."

"ஐயோ அப்பா, அவையள் அயர்லாந்துக்காரர்."

"அயர்லாந்துக்காரனுக்குத் தோள் இல்லையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. விழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அப்பா உற்சாகத்தில் குமரப் பெடியன் ஆகிவிட்டார். "ஆர் முதல், ஆர் பிறகு எண்டதிலதான் எல்லாக் கொழுவலும் வாறது. நான் பாக்காத கொழுவலோ? அதால ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில போத்தவேணும். படம் போட்டாலும் அப்பிடித்தான். ஒரே பனரில போட்டா இடப்பக்கம் ஆர் வலப்பக்கம் ஆர் எண்டு கேப்பினம். ஆளுக்கு ஒரு பனர். மேசனை எங்கட பக்க வேலியில கட்டுவம், மற்றவரை அங்கால பக்கம் கட்டுவம். ஒருத்தர் மற்றவரை மதிக்கிற மாதிரி இருக்கும். நீ சும்மா இரு, நான் பாக்கிறன்."

சும்மா இரு என்று என்னிடம் சொன்னால் நடக்குமா? ஆனால் அந்தக் கிழமை சிகிச்சை நிலையத்தில் ஆட்கள் குறைவு, காலை முதல் மாலைவரை நோயாளருக்கு நேரம் குறித்த தெர்மீன் மேல் தெர்மீன். வெள்ளி பின்னேரம் அப்பாவும் அவருடைய சிநேகிதரும் அந்தப் பக்கத்துப் பதாகையைக் கட்டிவிட்டு, இருட்டினதால் எங்கள் பக்கத்ததை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

சனி காலை பயிற்சி. உடைமாற்றும் அறை வாசலில் இருந்து இறைச்சிக்கடைக்காரனின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தேன். செடிவேலி அசைந்தது. செடிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி, இருபது வருடமாக ஒருத்தரும் நுழையாத அந்தப் பொட்டுக்குள்ளால் மேசன் வந்தார். அவர் வீடு அந்தப் பக்கத்து மைதானத்துக்கு எதிரேதான். காலில் வீட்டுச் செருப்பு. தலையில் இலை. நேரே என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.  கண்ணால் தண்ணீர் ஓடியது, மூக்காலும் ஓடியது.

"நான் ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாம்" என்றார். "ஒரு சொல்லு. இருபது வருசமா அவன்ர முதுகைத்தான் பாத்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இருங்கோ, இருங்கோ, என்ன நடந்தது?" என்றேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன்.

ஆளுயரத்துக்குக் கிரேன்காரரின் முகம். பின்னால் நீல வானம், வெண்முகில், முகிலைப் பிளந்துகொண்டு சூரியக் கதிர். இரண்டு வெள்ளைப் புறாக்கள். கீழே இரண்டு குத்துவிளக்குகள் கொழுந்துவிட்டு எரிந்தன. அதற்கும் கீழே தங்க எழுத்தில், ஜெர்மனில், 'ஆழ்ந்த நன்றியுடன்'. எங்கள் ஆட்களைக் கேட்டால் அரங்கேற்றம் என்பார்கள், பாராட்டு விழா என்பார்கள். எந்தத் தமிழ் மண்டபத்து வாசலிலும் அப்படி ஒன்று தொங்கும். இந்த நாட்டில் பேப்பரின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மரண அறிவித்தல். வேறு ஒன்றுமே இல்லை.

அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். சொல்வதற்கு வாய் திறக்க முன்னர், சாமான் அறையிலிருந்து கிரேன்காரர் வந்துவிட்டார். கோடு போடுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை சுண்ணாம்புத் தூளோடு, வெள்ளை வெளேரென்று. மேசன் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பயிற்சியில் நின்ற பெடியள் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"நீ உயிரோடயோ?"

கிரேன்காரர் வண்டியை நிற்பாட்டினார். மேசனைப் பார்த்தார். மேசனின் முகத்தை அவர் நேராகப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். "இருந்தா உனக்கென்ன?" என்றார்.

மேசனுக்கு விசர் வந்துவிட்டது. தொப்பியைத் தூக்கி நிலத்தில் அடித்தார். "காலமை எழும்பி, தேத்தண்ணியும் குடிக்காமல் ஓடி வந்து அழுதிருக்கிறன்! இவ்வளவு பேருக்கு முன்னால! என்ர அழுகையைத் திருப்பித் தா!" என்று கத்தினார். திருப்பிக் கொடுக்க ஆருக்கும் ஏலாது. தொப்பியை விட்டுவிட்டு, வந்த பொட்டுக்குள்ளாலேயே திரும்பிப் போனார்.

கிரேன்காரர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தார்.  பிறகு, "உண்மையாவே அழுதவனோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நல்லா?"

"மூக்கும் வழிஞ்சது" என்றேன்.

அவர் மேசனின் தொப்பியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். தட்டத் தட்ட அவர் கையிலிருந்த சுண்ணாம்பும் அதில் ஒட்டியது.

அப்பாவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். "பகவானே! சமாதானத்துக்கெண்டுதானே புறாவைப் போட்டனான்!" என்றார். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அன்று முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். விழாவை நிற்பாட்டலாம் என்று மூன்று தரம் போனை எடுத்தேன், மூன்று தரமும் வைத்தேன்.

அன்று பின்னேரம் கிரேன்காரர் தொப்பியைக் கொடுக்க மேசன் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு அன்று இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். கூடியிருந்த சனம் வாயைப் பிளந்தது. அப்பா என் காதுக்குள், "பாத்தியோ? பொன்னாடை போத்த முன்னமே!" என்றார். நான் சந்தோசத்தில் அவரைக் கட்டிப்பிடித்தேன். என் திட்டம் நிறைவேறிவிட்டது என்றுதானே நினைப்பேன்? இரண்டு பிரிவு, ஒரு கழகம், செவ்வாய், வியாழன்.

மேடையில் அப்பாவும் நானும் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் போர்த்தினோம். கட்டையானவருக்கு அது கால்வரை தொங்கியது, உயரமானவருக்குத் தோளிலேயே நின்றது. கிரேன்காரர் ஒலிவாங்கியைக் கேட்டார். அந்த மனிதர் ஒலிவாங்கி கேட்டது கழக வரலாற்றிலேயே முதல் தரம்.

"நான் செத்துப் போனன் எண்டு நினைச்சு ஒருத்தன் அழுதிருக்கிறான்" என்றார். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒரே கழகமா இருப்பம். அவன்ர ஆட்டத்தையே ஆடுவம். பதினைஞ்சு பேர். பிரிவும் வேண்டாம், வேலியும் வேண்டாம்."

மைதானமே எழும்பிக் கை தட்டியது. மேசன் அழுதார், இந்தமுறை அவருக்கு வெட்கம் இல்லை. அம்மா அழுதார். அப்பாவும் கண்ணைத் துடைத்தார். நான் பொன்னாடை வைத்திருந்த வெறும் தட்டோடு நின்றேன்.  எங்கள் ஆட்டத்தை எங்கள் ஆளே தூக்கிக் கொடுத்துவிட்டார், ஒரு வசனத்தில், எங்களை ஒரு சொல் கேட்காமல்.

விழா முடிந்ததும் அவரை உடைமாற்றும் அறைக்குப் பின்னால் மறித்தேன். "எங்கட ஆட்டத்துக்கு என்ன நடக்கப் போகுது?" என்றேன்.

"ஆட்டம்தானே, பிள்ளை" என்றார். "அவன் நினைச்ச மாதிரி நான் செத்துப் போயிருந்தா?"

"சாகேல்லையே!" என்று கத்தினேன். "நீங்கள் சாகவும் இல்லை, நாங்கள் சாகவும் இல்லை. இருபது வருசம் உங்கட பிடிவாதத்தாலதானே இந்த ஆட்டம் இஞ்சை இருந்தது. அந்தப் பிடிவாதத்தை நம்பித்தானே நாங்கள் வந்தனாங்கள்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடக் கோபத்தைத் தந்தது. ஒரு மனிதனின் கண்ணீருக்கு முன்னால் ஆட்டத்தைப் பிடித்து நிற்கிறாயே, நீயும் ஒரு மனுசியோ என்று என்னையே கேட்டேன். கேட்டும் மனம் ஆறவில்லை.

அடுத்த மாதம் விசேட பொதுக்கூட்டம். இரண்டு கழகத்தாரும் வந்திருந்தார்கள், ஆனால் எங்கள் கழகத்தின் வாக்கெடுப்பை நானே நடத்தவேண்டும். இணைவதற்கும் பதினைந்துக்கு மாறுவதற்கும் ஆதரவானவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். காடு மாதிரிக் கைகள். எல்லாவற்றிலும் உயரமாக நின்றது கிரேன்காரரின் கை. எதிரானவர்கள் என்றேன்.  என் கையை நானே தூக்கினேன். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இதுக்காகத்தானே நீ ஒண்டரை வருசம் ஓடித்திரிஞ்சனி?" என்று ஆரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. பின்வரிசையில் இறைச்சிக்கடைக்காரனின் கை எழும்பியது. பிறகு சிரியாச் சகோதரர்கள். ஒரு போலந்துக்காரன். எங்கள் தமிழ்ப் பெடியள் மூன்று பேரும்.

முடிவை அறிவித்தேன். கழகக் கதவுகளின் திறப்புகளை மேசையில் வைத்தேன். வாழ்த்துச் சொன்னேன், உண்மையாகவே சொன்னேன், அந்த மைதானம் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பிறகு வெளியே போனேன். என்னோடு கை தூக்கின ஏழு பேரும் பின்னாலேயே வந்து கார் தரிப்பிடத்தில் என்னைச் சுற்றி நின்றார்கள். 

கிரேன்காரரும் மேசனும் வெளியே வந்தார்கள். மேசன் எங்களுக்குக் கை காட்டினார். கிரேன்காரர் எனக்கு முன்னால் வந்ததும் நடை தளர்ந்தது. ஏசட்டும் என்று நின்றேன். ஏதாவது சொல்லட்டும், எதுவானாலும் பரவாயில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைக் கடந்து போய் மேசனின் காரில் ஏறினார்.

அப்பா என்னைக் கூட்டிப்போக வந்து ஓரமாகக் காருக்குள் இருந்தார். கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற ஏழு பேரையும் பார்த்தார். அவருக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

"என்ன பேர் வைக்கப் போறியள்?" என்றார்.

பேருக்கு என்ன அவசரம், பதின்மூன்று பேர் ஆட முதலில் இன்னும் ஆறு பேர் வேண்டுமே அப்பா என்று சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.